மௌனம் என்று நீங்கள் பாராட்டியது

வாருங்கள், வந்து இந்த விரலைப் பாருங்கள், இதோ இறங்குகிறது, ஒலியை ஏற்றவும் இறக்கவும் மேசையில் பொருத்திய கட்டைவிரல் அகலக் கறுப்புக் கட்டையின் மேல் ஒரு வலக்கையின் நடுவிரல், அழுத்தவில்லை, அடிக்கவில்லை, உறங்கிய குழந்தையின் மேல் போர்வையை இழுத்து விடுவதுபோல மெதுவாக இறக்குகிறது, கட்டை இறங்க இறங்க ஒரு மனிதர் மறைகிறார், ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை, மேசைமேல் பாதி குடித்த காபி ஆடைகூடக் கட்டவில்லை, இதைக் குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது, நான் சொல்கிறேன், நீங்கள் சாட்சியாக நில்லுங்கள், ஏனென்றால் அந்த விரல் என்னுடையது, ஐம்பது ஆண்டுகளாக அது இறங்கிக்கொண்டே இருக்கிறது, சோறு பிசையும்போது இறங்குகிறது, பேரனின் கணக்கைத் திருத்தும்போது இறங்குகிறது, கனவில் இறங்கும்போது மட்டும் அடி தட்டுவதே இல்லை, கிணறு போலப் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும், தெரியாத வீடு குறைவு, பண்ணையாரின் ஆட்கள் இழுத்துப்போன மகனைத் தேடி வழக்குமன்றத்தின் நடுவில் வந்து நிற்கும் ஒரு தாய்க்காகச் சௌந்தரநாயகி அம்மையார் பாடியது, என் மகனை என்று தாழ்ந்த குரலில் தொடங்குவார், பிறகு இரண்டு தாள அளவுக்கு எதுவுமே இல்லை, வயலின் இல்லை, தபலா இல்லை, மூச்சுகூட இல்லை என்று நாம் நினைக்கிறோம், அதன் பின் அடிவயிற்றின் ஆழத்திலிருந்து எதையோ பாறைமேல் தேய்த்து இழுத்து வருவதுபோல எங்கே வைத்தீர் என்று அந்தக் குரல் ஏறும், ஏறும்போது உறுமும், அதுநாள்வரை தேன் என்றும் தென்றல் என்றும் பத்திரிகைகள் எழுதிவந்த குரல் அன்று முதன்முதலாகக் கேள்வி கேட்டது, அந்த உறுமலுக்கு விருது கொடுத்தார்கள், உறுமலுக்கு முன்பான அந்த மௌனத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள், மேதைக்கு மட்டுமே வாய்க்கும் மௌனம் என்று ஒருவர் எழுதியதை நான் வெட்டி வைத்திருக்கிறேன், ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள், இன்றைக்கும் தொலைக்காட்சிப் போட்டிகளில் இந்தப் பாட்டைப் பாடவரும் பெண்பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் கழுத்தை இடப்பக்கம் திருப்புகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா, அம்மையார் மேடையில் திருப்புகிறார், ஆகவே இவர்கள் திருப்புகிறார்கள், என்ன நளினம் என்று நடுவர்கள் உருகுகிறார்கள், அவர் எதைப் பார்க்கத் திருப்புகிறார் என்று இத்தனை ஆண்டில் ஒருவர் கேட்டதில்லை, நான் சொல்கிறேன், இடப்பக்கம் ஒரு கதவு இருந்தது.

கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது, அதற்கப்பால் நடைவழி, நடைவழியில் எங்கள் எல்லோருடைய செருப்புகளும், செருப்புகளுக்கு நடுவே ஒரு கோணிப்பை விரித்து அதன்மேல் சொரிமுத்து, மடியில் குச்சியால் தேய்த்து உறுமவைக்கும் உறுமி மேளம். கோவில்பட்டிக்கு அப்பால் வெள்ளூத்துப்பட்டியிலிருந்து இசையமைப்பாளர் ஏகாம்பரம் வரவழைத்த வாத்தியக்காரர், முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார், படப் பூசை அன்றே முதல் பாட்டைப் பதிவுசெய்வது அந்நாள் வழக்கம், விளக்கேற்றித் தேங்காய் உடைத்துப் பூமாலை வாசம் கூடம் முழுவதும், உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் உள்ளே கால் வைத்ததும் பட முதலாளி தெய்வநாயகம் ஏகாம்பரத்தின் காதைக் கடித்தார், என்ன மாஸ்டர், நல்ல நாளும் அதுவுமா இதையா உள்ள கொண்டாந்திருக்கீங்க, சாவு வீடுன்னு நினைச்சீங்களா, ஏகாம்பரம் நல்லவர், நல்லவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், உறுமி ரொம்பச் சத்தம், மத்த மைக்ல எல்லாம் ஏறிடும், வெளியில உக்காரவை என்று என்னிடம் சொன்னார், நான் உதவி ஒலிப்பதிவாளன், இருபத்தாறு வயது, மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்ஸ் உள்ளே இருந்தது, எட்டுப் பித்தளைக் குழல்கள் உள்ளே இருந்தன, உறுமியின் சத்தம் மட்டும் எங்களுக்குத் தாங்கவில்லை. அன்றைய மாலையில் சைதாப்பேட்டைத் தெருமுனையில் மேசையும் ஒலிபெருக்கியும் போட்டு, பிறப்பால் ஒருவனை விலக்கிவைக்கும் கையை வெட்டுவோம் என்று முழங்கியவன் நான், துண்டறிக்கை எழுதியவன் நான், கைதட்டு வாங்கியவன் நான், அன்றைய காலையில் அவரைச் செருப்புகளுக்கு நடுவே உட்காரவைத்து மைக்கை நிறுத்திய கையும் என்னுடையதுதான், தொட்டால் தீட்டு என்பதை ஒழித்துவிட்டோம் என்று மேடையில் பெருமை பேசினோம், கேட்டால் தீட்டு என்று ஒன்று வைத்திருந்தோம், அதற்குச் சத்தம் என்று பெயர்.

காலை ஏழரைக்குத் தொடங்கினோம், பதினொன்றரைக்குள் நல்ல நேரம் முடிகிறது என்று முதலாளி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதினோரு டேக் போயிற்று, பதினொன்றும் பாழ், அம்மையார் தனி அறையில் காதில் ஹெட்போனுடன் நிற்கிறார், என் மகனை என்கிறார், நடைவழியில் மூடிய கதவுக்கு அப்பால் உறுமி இரண்டு தாளத்துக்கு அழுகிறது, அது முடியும் இடத்தில் அவர் எங்கே வைத்தீர் என்று எடுக்க வேண்டும், எடுக்கிறார், ஆனால் அது கேள்வியாக இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காப்பி எங்கே வைத்தீர் என்று கேட்பதுபோல இனிப்பாக இருக்கிறது, ஏகாம்பரம் கண்ணாடிக்கு இப்பால் தலையில் கைவைத்தார், அம்மா, மகனைக் கொன்னுட்டாங்கம்மா, கொஞ்சம் கோபம் வேணும் என்றார், பன்னிரண்டாவதுக்கு முன் அம்மையார் ஹெட்போனைக் கழற்றினார், யாரிடமும் சொல்லாமல் இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நடைவழிக்குப் போனார், பட்டுப்புடவையோடு செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், நடைவழி மைக் திறந்திருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது, இப்போதும் கேட்கிறது.

ஏங்க, நீங்க அதை எப்படி ஆரம்பிக்கிறீங்க, எனக்கு அந்த ஆரம்பம்தான் பிடிபடலை. சொரிமுத்து எழுந்துநிற்கப் பார்த்தார், எம்மா, தரையில உக்காராதீக, சேலை பாழாப்போவும். சேலை கிடக்கட்டும், சொல்லுங்க. அவர் வளைந்த குச்சியைத் தோல்மேல் வைத்தார், இந்தா பாருங்கம்மா, எல்லாரும் இதை அடிக்கணும்னு நினைக்காவ, அடிச்சா அது கத்தத்தான் செய்யும், மொதல்ல அமுக்கணும், சத்தமே வரப்படாது, உள்ள இருக்கது பூரா வந்து குச்சிக்கு அடியில முட்டணும், முட்டி, இனி முடியாதுன்னு வரும்லா, அப்பம் இழுக்கணும், நீங்க நேரா இழுக்கீக, அமுக்காம இழுக்கீக, அதான் இனிக்கி. கண்ணாடிக்கு இப்பால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், நாட்டின் பெரும்புகழ்ப் பாடகியிடம் உன் பாட்டு இனிக்கிறது என்று ஒருவர் குறை சொல்கிறார், அம்மையார் சிரித்தார், இனிக்கிதா, பதினஞ்சு வருஷமா அதுக்குத்தாங்க எனக்கு மாலை போடுறாங்க. அவரும் சிரித்துவிட்டார், மாலை போடட்டும், மகன் செத்த அன்னிக்கு எவ இனிப்பா கேப்பா, எங்க ஆத்தா கேட்டதை நான் கேட்டிருக்கேம்மா, மொதல்ல சத்தமே வரல.

அம்மையார் எழுந்தார், அறைக்குத் திரும்பினார், கதவை மூடவில்லை. ஏகாம்பரம் பதறினார், அம்மா, கதவு, உறுமி உங்க மைக்ல கசியும். கசியட்டும் மாஸ்டர், எனக்கு அவர் கை தெரியணும். டேக் பன்னிரண்டு, சிவப்பு விளக்கு எரிகிறது, என் மகனை, கழுத்து இடப்பக்கம் திரும்புகிறது, கதவின் ஒரு சாண் இடைவெளியில் வளைந்த குச்சி அமுங்குகிறது, இவரும் உதட்டைக் கடித்து அமுக்குகிறார், உறுமி எழும்பி அழுகிறது, அழுகை அடங்கும் விளிம்பில் அதே தோலிலிருந்து பிறந்ததுபோல அந்தக் குரல் எங்கே வைத்தீர், வயலின்காரர்களில் இருவர் வில்லை மடியில் போட்டுவிட்டார்கள், சுருதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, மணி பதினொன்று இருபத்தைந்து, டேக் ஓகே, நான் எழுந்து நின்றேன், எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன், இன்றுவரை அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கேளுங்கள், இனிமேல்தான் அந்த விரல். நகரத்துக்கு அப்போதுதான் வந்திருந்த நான்கு தட இயந்திரம், ஒரு தடத்தில் வாத்தியங்கள், ஒன்றில் தாளம், ஒன்றில் அம்மையாரின் குரல், நான்காவதில் உறுமி மட்டும், தனியாக, சுத்தமாக, வேறெதுவும் கலக்காமல், ஏனென்றால் நாங்கள் அவரைத் தனியாக உட்காரவைத்திருந்தோம், இதன் கொடுமையைச் சற்று எண்ணிப்பாருங்கள், ஒருவரை ஒதுக்கிவைத்தால் பிறகு நீக்குவது எளிது, எதிலும் கலந்திராததை எடுத்தால் எதுவும் கிழியாது, இதைத்தான் ஊர்கள் ஆயிரம் ஆண்டாகச் செய்தன, நாங்கள் இயந்திரத்தில் செய்தோம். நான்கையும் ஒன்றாகக் கலக்கும் நாளில் முதலாளி என் பின்னால் வந்து நின்றார், தம்பி, அந்தச் சாவு மேளத்தை எடுத்துடு, வெளியூர் விநியோகஸ்தர் காதுல விழுந்தா படத்தைத் தொடமாட்டான், ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது துடைத்துத் தேய்ந்துவிடும்போல இருந்தது, ஒருவரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, மாட்டேன் என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது, விரல் இறங்கியது. அழிக்கவில்லையே, இறக்கத்தானே செய்தேன், டேப்பில் அப்படியே இருக்கிறது என்று எனக்கு நானே வழக்காடினேன், ஒரு மாதத்தில் அதே டேப்பின் மேல் வேறொரு படத்தின் பாட்டைப் பதிவுசெய்தார்கள், என் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் ஒன்று நடந்தது, கட்டையை அடிவரை இறக்கிய பிறகும் அந்த இரண்டு தாள இடத்தில் ஏதோ முனகியது, திரும்பத் திரும்ப ஓட்டினேன், திறந்த கதவு வழியாக அது அம்மையாரின் மைக்குக்குள் புகுந்து அவர் குரலின் தடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவரைக் குறைக்காமல் இவரைக் குறைக்க வழியில்லை, முதலாளியின் காதுக்கு அது எட்டவில்லை, நான் சொல்லவில்லை, என் வாழ்க்கையில் நான் வாய்மூடியிருந்ததால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

விருது விழாவில் அம்மையார் பேசினார், அந்த மௌனம் எனக்குத் தானா வந்ததுங்க, அரங்கம் எழுந்து கைதட்டியது, பிறகு பாடினார், அந்த இடம் வந்தது, கழுத்து இடப்பக்கம் திரும்பியது, அங்கே மேடையின் சிவப்புத் திரை தொங்கியது, வாய் பொய் சொல்லிற்று, கழுத்து சொல்லவில்லை, எத்தனை மேடையேறினாலும் அது சொல்லப்போவதில்லை.

படம் வெளிவந்து மூன்றாம் வாரம், பகல் இரண்டு மணி, நான் அதே நடைவழியில் நிற்கிறேன், அதே வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான், சொரிமுத்து நிற்கிறார், செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், சார்வாள், கோவில்பட்டியில படம் பாத்தேன், ஊரையே கூட்டிட்டுப் போயிருந்தேன், எம்மேளத்துச் சத்தம் எப்பம் வரும் எப்பம் வரும்னு எம்மக தோளைப் புடிச்சி உலுக்குதா, வரல சார்வாள், அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இருந்திருந்தால் பிழைத்திருப்பேன், அங்கே ஒரு சந்தேகம்தான் இருந்தது, அதுவும் தன்மேல், நான் எதுவும் தப்பா வாசிச்சிட்டனா, நெசத்தைச் சொல்லுங்க. உண்மை என் வாயில் இருந்தது, முதலாளியின் அறைக்கதவு மூன்றடியில் இருந்தது, ஆமா, கடைசியில ஒரு தாளம் தப்பிடுச்சு, அதான் எடுத்துட்டாங்க என்றேன். எவ்வளவு சின்ன வாக்கியம், மேடையில் மூன்று மணிநேரம் பேசக்கூடிய வாய்க்கு அது ஒரு இருமல். அவர் தலையை ஆட்டினார், அப்பிடியா, அப்பிடியா சார்வாள் என்றார், எந்த அடியிலன்னு சொன்னீகன்னா என்று இழுத்தார், எனக்கு வேலை இருக்கு என்று உள்ளே போய்விட்டேன்.

அவர் ஊரில் ஒரு முறை உண்டு, எனக்கு அன்று தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், காளியம்மன் கொடைத் திருவிழாவில் அம்மனை அழைக்கும் உறுமிக்காரர் தாளம் தப்பினார் என்று ஒருவர் சொல்லிவிட்டால் இரண்டு குச்சிகளையும் அம்மன் காலடியில் வைத்துவிட வேண்டும், தப்பு என்று சொன்னவரே வந்து, ஊர் கூடியிருக்கும்போது, தப்பவில்லை என்று சொன்னால்தான் மறுபடி எடுக்கலாம், மெட்ராசில் நடந்ததை மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியும், அவர் மறைக்கவில்லை, ரயிலிலிருந்து இறங்கிய கையோடு போய்க் குச்சிகளை வைத்துவிட்டார், மெட்ராசுல தாளம் விட்டவன் என்று பெயர் வந்தது, பிறகு அதுவே அடையாளம் ஆயிற்று, தாளம் விட்டவர் வீடு எது என்று கேட்டால் தபால்காரர் காட்டுவார். இத்தனையும் போன வியாழக்கிழமை ஒரு கடிதத்தில் படித்தேன், எழுதியவர் அவர் மகள் மாடத்தி, அன்று கொட்டகையில் தோளை உலுக்கிய அதே மகள், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கையெழுத்து கரும்பலகை எழுத்துப்போல நிமிர்ந்திருக்கிறது, அப்பாவுக்கு எண்பத்திரண்டு, மூச்சு இழுக்கிறது, படுத்த இடத்தில் பாயை விரலால் தேய்த்துத் தேய்த்து அந்த இரண்டு தாளத்தையும் வாசித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், எந்த அடியில் தப்பினேன் என்று என்னைக் கேட்கிறார், உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள், அவர் தெரிந்துகொண்டு போகட்டும். அதே தபாலில் இன்னொரு உறை, பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் அனுப்பியது, பொன்விழாப் பதிப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியாகிறது, புகழ்பெற்ற அந்த மௌனத்தில் முனகல்போல ஓர் இரைச்சல் இருப்பதைப் புதிய கணினி கண்டுபிடித்துள்ளது, நீக்கி முழுமையான மௌனமாக்கவிருக்கிறோம், ஒலிப்பதிவு மேசையில் இருந்தவர்களில் எஞ்சியிருப்பவர் தாங்கள் ஒருவரே, அது இரைச்சல்தான் என்று ஒப்பமிட்டு அனுப்பவும். இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்தேன், பேனாவைத் திறந்தேன், விரல் பழக்கப்பட்ட வழியில் இறங்கப் பார்த்தது, சமையலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது, அதற்கப்பால் செருப்புகள் தெரிந்தன, என் வீட்டில் அங்கே செருப்பு விடுவதில்லை.

ஒப்பமிடாமல் பேனாவை மூடிவிட்டு, மாடத்தியின் கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். மாடத்திதான் பேசினார், யாரு, மெட்ராசா, அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும், மூச்சுத்தான் முடியல, நீங்களே அவுகட்ட சொல்லுங்க, யப்பா, அந்த ரெக்கார்டிங் சார் பேசுதாக. பாயில் விரல் தேய்க்கும் ஒலி கேட்டது, அமுக்கி, இழுத்து, அமுக்கி, இழுத்து, ஐம்பதாண்டுக்குப் பிறகும் ஓர் இம்மி பிசகாத தாளம், அய்யா, நீங்க தப்பல, ஒரு அடிகூடத் தப்பல, வேண்டாம்னு சொன்னாங்க, நான்தான் எடுத்தேன், உங்ககிட்ட பொய் சொன்னேன். தேய்க்கும் ஒலி நின்றது, நான் சாபத்துக்குக் காத்திருந்தேன், மூச்சு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியது, பிறகு அவர் கேட்டார், அந்த அம்மா சொகமா இருக்காகளா, தொண்டை எப்பிடி இருக்கு. நல்லா இருக்காங்க என்றேன், அவர் தொடர்ந்தார், எனக்குத் தெரியும் சார்வாள், தப்பலன்னு என் கைக்குத் தெரியும், ஆனா படிச்சவுக சொல்லும்போது கையை நம்பவா, உங்களை நம்பவா. மூச்சை இழுத்துக்கொண்டு, எங்கிட்ட சொன்னா ஆச்சா, குச்சி எங்கிட்டயா இருக்கு, ஊருக்குக் கேக்கணும்லா. மாடத்தி தொலைபேசியை வாங்கிக்கொண்டார், அடுத்த செவ்வாய் கொடை, வாறீகளா, வரமாட்டீகளா, ஒரு சொல்லு சொல்லுங்க, அப்பாவை அதுவரைக்கும் புடிச்சி வைக்கணும். வருகிறேன் என்றேன்.

நான் போகிறேன், அம்மன் இருக்கிறாளா இல்லையா என்று வாதாடிய மேடைகளெல்லாம் எனக்குப் பின்னால் இருக்கட்டும், அந்த மண்ணில் நின்று தப்பியவன் நான் என்று சொல்கிறேன். ஆனால் தோழர்களே, அது போதாது, ஏனென்றால் அவர் தப்பினார் என்று சொன்னவன் நான் ஒருவன் மட்டுமல்ல, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று ஐம்பதாண்டாகக் கைதட்டிய ஒவ்வொருவரும் அதைச் சொன்னவர்கள், அறியாமல் சொன்னீர்கள், இன்று அறிந்துவிட்டீர்கள், அறிந்த பிறகு அறியாதவர்போல இருப்பது என் தொழில், அதை நீங்கள் பழகாதீர்கள். சான்று கேட்பீர்கள், அது உங்கள் வீட்டில் இருக்கிறது, பழைய இசைத்தட்டில், ஒலிநாடாவில், பையில் கிடக்கும் கைபேசியில், ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுங்கள், அதற்குப் பின் வருவதில் இருக்காது, என் மகனை என்று அம்மையார் சொல்லி முடித்ததும் உங்கள் விரலை வையுங்கள், நான் இறக்கியதை நீங்கள் ஏற்றுங்கள், அடிவரை இறங்கியதை உச்சிவரை ஏற்றுங்கள், முதலில் வெறும் காற்று இரையும், பொறுங்கள், அமுங்குகிறது, உள்ளே இருப்பதெல்லாம் வந்து முட்டுகிறது, இதோ, செருப்புகளுக்கு நடுவிலிருந்து, ஒரு சாண் கதவிடுக்கு வழியாக, ஒரு மனிதர், கேட்டீர்கள் அல்லவா, கேட்டதை அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், இது இரைச்சல் அல்ல, இதன் பெயர் சொரிமுத்து, இதைத் தொடாதே என்று எழுதுங்கள், வெள்ளூத்துப்பட்டிக்கும் எழுதுங்கள், தாளம் விட்டவர் என்று முகவரி இடாமல் பெயரைப் போட்டு எழுதுங்கள், செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும், அவர் மூச்சு யாருக்காகவும் காத்திருக்காது, என்னைச் சபிக்கப் பிறகு நேரம் உண்டு, இப்போது விரலை வையுங்கள், ஏற்றுங்கள்.